கப்பலேறிய விகுதி

1

இந்தக் கதை மில்பிடாஸில் ஓர் இந்தியக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது. நான் தேடிப்போனது இதுவல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆங்கிலேயரின் பாய்மரக் கப்பல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பீரங்கி, புயல், மிளகு மூட்டை, மெட்ராஸ் கரையில் அலைக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டு நிற்கும் கும்பினிக் கப்பல் என்று தடித்த நாவல் ஒன்றுக்கே திட்டம் போட்டிருந்தேன். தொடக்கம்கூடத் தயார்:

"ஆயிரத்து எழுநூற்று எண்பதுகளில் ஒரு நாள், வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிய வேளையில், மெட்ராஸ் கடலில்

(இதற்கு மேல் ஓடவில்லை. கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவன் எழுதினால் முதல் வாக்கியத்திலேயே தரைதட்டும்.)

அப்போதுதான் ஜெபராணியைப் பார்த்தேன். அவளுடைய கணவன் சுந்தர்சிங், வளைகுடா ஓரமாகக் கட்டி நிறுத்தியிருக்கும் பழைய மாதிரிக் கப்பல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் மாலுமி வேஷம் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கயிறு, பாய் பற்றியெல்லாம் அவனிடம் கேட்டுக்கொள்ளலாமே என்று பேச்சுக் கொடுத்தேன். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே அவள் போன சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் "இத எழுதிராதீங்கண்ணே" என்றாள். முருங்கைக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, "எழுதுனாலும் பாப்பாவுக்குத் தெரியவா போகுது? அவளுக்குத்தான் தமிழ் படிக்க வராதே" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை என்பதையும் நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

2

கதையின் நாயகர் சேனாபதி. (நாயகர் என்ற சொல்லை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.)

சேனாபதிக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். சிப் தயாரிக்கும் கம்பெனியில் மேனேஜர். மகன் கல்லூரிக்குப் போனபிறகு சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு நாள் 'லேடி ஆர்டன்' கப்பலுக்குத் தன்னார்வலராகப் போய்ச் சேர்ந்தார். பழைய ஆங்கிலக் கப்பல் ஒன்றின் அச்சு நகலாகக் கட்டிய கப்பல் அது. காலைக் காட்சியில் அது கும்பினியின் சரக்குக் கப்பல். மதியம் பக்கவாட்டில் பீரங்கித் துளைகள் வரைந்த பலகைகளைத் தொங்கவிட்டால் போர்க்கப்பல்.*

முதல் நாளே, தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் டயான், சேனாபதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் லஸ்கராக வரலாமே, அவ்வளவு பொருத்தமாக இருக்கும்" என்றார். லஸ்கர் என்றால் ஆங்கிலக் கப்பல்களில் கூலிக்கு வேலை பார்த்த நம் பக்கத்து மாலுமி. சேனாபதிக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். பிறகு விடாப்பிடியாகப் படித்தார். எந்தப் பாய்க்கு எந்தக் கயிறு, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்று கரைத்துக் குடித்தார். கடைசியில் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு அவருக்குக் கிடைத்தது. லெப்டினென்ட். அந்தக் கோட்டை மாதாமாதம் ட்ரை க்ளீனிங் கொடுத்தார். "நம்ம கல்யாணக் கோட்டுக்குக்கூட நீங்க இந்த மரியாத குடுக்கலீங்க" என்று அவர் மனைவி வான்மதி கிண்டல் செய்வார்.

சில வருஷம் கழித்து சுந்தர்சிங் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், மென்பொருள் சோதிக்கும் வேலை, தலை முழுக்க நரை, சிரித்த முகம். வீட்டிலேயே அடைந்து கிடக்காதீர்கள் என்று ஜெபராணி விரட்டியதால் வந்தவன். புதியவரை என்னவாகப் போடலாம் என்று டயான் கேட்டார்.

"லஸ்கர்" என்றார் சேனாபதி.

யோசித்துச் சொல்லவில்லை. சொன்னபிறகு தனக்குச் சுருக்கென்றது நினைவுக்கு வந்தது. ஆனால் சுந்தர்சிங் "சூப்பர் சார், எதுன்னாலும் ஓகே" என்று உடனே ஒத்துக்கொண்டுவிட்டதால், அந்த நினைவை அவர் மேற்கொண்டு பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சேனாபதியைக் கெட்டவராகக் காட்டிவிடுகிறேனோ? அவர் அப்படியல்ல. சுந்தர்சிங்கின் காரில் பேட்டரி இறங்கிப்போன நாளில், ஃப்ரீவேயில் எதிர்த்திசையில் வீடு இருந்தும், அவனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர். 'வாங்க சிங், போங்க சிங்' என்றுதான் எப்போதும் பேசுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

* அந்தக் காலச் சரக்குக் கப்பல்களே இந்த வேலையைச் செய்திருக்கின்றன. எதிரி பயப்பட வேண்டும் என்று பக்கவாட்டில் பீரங்கித் துளைகளை வரைந்துகொண்டு, போர்க்கப்பல் என்று பேர் பண்ணிக்கொண்டு போயிருக்கின்றன. இன்னொன்று: லஸ்கர் என்ற சொல் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் படை, சேனை என்று அர்த்தம். சேனாபதி இதைப் படித்திருப்பார். தன் பெயரோடு சேர்த்து யோசித்திருக்க மாட்டார்.

3

மதியக் காட்சியில் ஒரு சவுக்கடி உண்டு. நிஜச் சவுக்கு இல்லை, ஒன்பது வாரும் பருத்தி நூல்தான். கட்டளைக்குக் கீழ்ப்படியாத மாலுமியை மரச்சட்டத்தில் கட்டி அடிப்பது போல ஒரு காட்சி. கேப்டன்தான் ஆணையிட வேண்டும். கேப்டனாக வருபவருக்கு முழங்கால் வலி என்பதால் அந்த வசனம் லெப்டினென்டுக்கு வந்திருந்தது. அடிபடுகிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை, சுந்தர்சிங்கின் மகள் ரெபெக்காவின் ஸ்கவுட் குழு ஜெபராணியோடு வருவதாக இருந்தது. காலைக் காட்சிக்குத்தான். அதில் லஸ்கர் தேயிலைப் பெட்டி இறக்குவான், கயிறு இழுப்பான், குழந்தைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுத் தருவான். அப்பா செய்வதை மகள் தோழிகளுக்குக் காட்டுவாள் என்று அவன் சந்தோஷமாக இருந்தான். அவர்கள் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். மதியம்தான் வந்து சேர்ந்தார்கள்.

சிறுமிகள் பலகை வழியாகக் கப்பலுக்குள் ஏறியபோது சட்டத்தை நிமிர்த்தியாயிற்று. டயான் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். சுந்தர்சிங் ஓரடி முன்னால் வந்து, உதடு அசையாமல் மெதுவாகச் சொன்னான்:

"சார், பாப்பா வந்திருக்கா. இன்னைக்கு இத ஸ்கிப் பண்ணிரலாமா?"

சேனாபதி நீலக் கோட்டில் இருந்தார். தொப்பியும் இருந்தது. அடிபட வேண்டிய லஸ்கர் அதிகாரியின் காதில் ஏதோ முணுமுணுப்பதைப் பார்த்துச் சிறுமிகள் சிரித்தார்கள். அவருக்குச் சொல்ல வேண்டிய ஆங்கில வசனம் மறந்துபோயிற்று. வாயைத் திறந்தார். வந்தது இது:

"டேய்! என்றா பேச்சு? சட்டையக் கழட்றா!"

(நான் இதை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் தடுமாறி உளறுகிறார். ஒன்றில் வேடிக்கைக்குச் சொல்கிறார். இரண்டும் பொய். ஜெபராணி சொன்னபடி, அந்தக் குரலில் தடுமாற்றமே இல்லை. அது ரொம்ப நாளாக உள்ளே கூர் தீட்டி வைத்த மாதிரி இருந்ததாம்.)

சேனாபதிக்குத் தன் குரலை அடையாளம் தெரிந்தது. அது அவருடைய அப்பாவின் குரல். மஞ்சள் காட்டு வேலைக்கு ஆட்கள் வந்தால், சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களை யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. சொல்லாமலே நடந்த காரியம் அது. இங்கே தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில், அதெல்லாம் விமானம் ஏறும்போதே விட்டுவிட்டு வந்தாச்சுங்க என்று அவர் இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறார். நம்பித்தான் பேசினார்.

சுந்தர்சிங் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். சட்டத்தில் குனிந்தான். நூல் சவுக்கு விழுந்தது. சிறுமிகள் ஒவ்வோர் அடியையும் சேர்ந்து எண்ணினார்கள். ரெபெக்காவும் எண்ணினாள்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கீழைக் கடல்களில் நிஜமாகவே பேசிய மாலுமி மொழி அது என்று டயான் சிறுமிகளுக்கு விளக்கினார்.

4

மானம் கப்பலேறிப் போச்சு என்று நாம் சொல்கிறோமே, எந்தக் கப்பலில் ஏறியது, எந்தத் துறையில் இறங்கியது என்று யாராவது கேட்டதுண்டா? (இந்த இடத்தில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே இருந்தது. கதையைத் தள்ளிப்போடத்தான் அதை எழுதினேன் என்று தெரிந்ததும் கிழித்துவிட்டேன்.)

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பியபோது, தளத்தில் சுந்தர்சிங்கின் தண்ணீர் பாட்டில் கிடப்பதை சேனாபதி பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினார். பாட்டில் ஒரு சாக்கு. 'சாரிங்க சிங், தெரியாம வந்துருச்சு' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கார் ஸ்டார்ட் ஆகியிருந்தது. பின் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து ரெபெக்காவின் குரல் கேட்டது.

"டாடி, யூ அண்ட் சேனாபதி அங்கிள் ஆர் ஸோ க்ளோஸ்! ஐ டின்ட் நோ!"

"ஏன் பாப்பா அப்படிச் சொல்லுத?"

"ஹி செட் 'டேய்' டு யூ. லைக் மம்மி செஸ் 'வாடா' டு மீ."

அந்த வீட்டில் 'டா' என்பது கொஞ்சலுக்கு மட்டுமே வரும் சொல். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

பக்கக் கண்ணாடியில் சுந்தர்சிங்கின் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்கள் காருக்குப் பின்னால் பாட்டிலோடு நிற்கும் சேனாபதியைப் பார்த்தன. பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"ஆமா பாப்பா. ரொம்ப க்ளோஸ்."

கார் போய்விட்டது. சேனாபதிக்கு வெட்கமாக இருந்தது. சின்ன வெட்கமில்லை, கூசிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போன்ற வெட்கம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இப்போது மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. மன்னிப்புக் கேட்டால் அந்தச் சொல் மன்னிப்புக் கேட்க வேண்டிய சொல் என்று ஆகிவிடும். அது ரெபெக்காவின் காதுக்குப் போனால், தான் சிரித்துக்கொண்டே எண்ணியது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

5

இதுவரை எழுதியதை நேற்று உரக்கப் படித்துப் பார்த்தேன். நீங்கள் முன்பே கவனித்திருக்கலாம். எனக்கு நேற்றுதான் காதில் விழுந்தது.

சேனாபதி போனார், படித்தார், ஓடினார். வான்மதி கிண்டல் செய்வார். டயான் கேட்டார். சுந்தர்சிங் வந்தான், சொன்னான், கழற்றினான், குனிந்தான். ஜெபராணி சொன்னாள்.

இப்படி எழுத வேண்டும் என்று நான் தீர்மானித்து எழுதவில்லை. எழுதும்போது கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சமாதானம் தேடிப் பார்த்தேன். வயது காரணமா? சுந்தர்சிங் சேனாபதியைவிட மூத்தவர். பழக்கமா? சேனாபதி, வான்மதி, டயான் மூவரையும் நான் நேரில் பார்த்ததில்லை, டயானை எந்த ஜென்மத்திலும் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கெல்லாம் 'அவர்' தானாக வந்துவிட்டது. கதையில் நான் நேரில் பார்த்துப் பேசிய ஒரே ஆள் ஜெபராணி. முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நம்பிப் பேசியவர். அவரை 'அவள்' ஆக்கியிருக்கிறேன்.

அதைவிடவும் ஒன்று இருக்கிறது. ஜெபராணி எனக்குச் சொன்னது இப்படி: "அவுக ஒண்ணும் பேசாம சட்டையக் கழட்டிட்டு நின்னாகண்ணே. வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டாக." கதை என் கைக்கு 'அவுக' என்றுதான் வந்தது. என் கையில் அது 'அவன்' ஆகியிருக்கிறது. சேனாபதிக்கு நழுவியது ஒரே ஒரு வாக்கியம். எனக்குப் பக்கம் பக்கமாக நழுவியிருக்கிறது.

நானும் கோபிப் பக்கத்துக்காரன்தான் என்பதை எங்கேயும் சொல்லவில்லை. சேனாபதியின் மனசுக்குள் நான் சரளமாகப் போய் வந்ததும், சுந்தர்சிங்கின் மனசுக்குள் ஓரடிகூட வைக்காததும் ஏன் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

திருத்திவிடலாம். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் எல்லா 'ஆன்'களும் 'ஆர்' ஆகிவிடும். திருத்தவில்லை. திருத்திவிட்டால் நான் நல்லவனாக உங்கள் முன்னால் நிற்பேன், அது இன்னும் கேவலம். சேனாபதியை 'அவன்' ஆக்கியும் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். "சேனாபதி பாட்டிலோடு ஓடினான்." கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஆனால் அப்போதும் 'அவன்' என்பது தண்டனையாகத்தானே இருக்கிறது? யாரைத் தாழ்த்த வேண்டுமோ அவருக்குக் கொடுக்கும் விகுதியாகத்தானே அது நிற்கிறது? அடித்துவிட்டேன்.

இனிமேல் எழுதுவதில் மட்டும் கவனமாக இருக்கிறேன். கவனமாக இருக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வெட்கம்.

6

இப்போது முடிவுக்கு வர வேண்டும். சிக்கல் என்னவென்றால் முடிவு இன்னும் நடக்கவில்லை.

டயானுக்கு அந்த வீடியோ ரொம்பப் பிடித்துப்போயிற்று. சேனாபதிக்குப் போன் செய்து, "அந்த 'டை' என்று ஒன்று கத்தினீர்களே, அது அவ்வளவு அத்தென்டிக், இனி எல்லாக் காட்சியிலும் வைத்துக்கொள்வோம்" என்றார். சேனாபதி, "லெட் மீ திங்க்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டயான் கேட்டார். "இட்ஸ் ஜஸ்ட் எ வே டு கால் ஸம்படி" என்று சொல்லிவிட்டார். மறுநாள் திருத்திய வசனம் எல்லோருக்கும் மெயிலில் வந்துவிட்டது. சுந்தர்சிங்குக்கும் வந்திருக்கிறது. ஜெபராணி கடையில் என்னிடம் அந்த மெயிலைக் காட்டினார்.

"பாப்பா வேற இந்த வாரமும் வருவேன்னு நிக்கிறா. டாடியோட பெஸ்ட் ஃப்ரெண்டப் பாக்கணுமாம்" என்றார்.

நாளை சனிக்கிழமை. எனக்குத் தோன்றிய முடிவுகள் இவை:

சேனாபதி டயானிடம் நீலக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு நான் லஸ்கர், சிங் லெப்டினென்ட் என்கிறார். அவர் குனிகிறார், சுந்தர்சிங் ஆணையிடுகிறார். (படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அப்போதும் கைதட்டல் சேனாபதிக்குத்தான். சுந்தர்சிங்குக்கு ஒருத்தரை அடித்துப் பார்க்க ஆசை என்று யார் சொன்னது?)

சேனாபதி அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டயானிடம் உண்மையைச் சொல்கிறார். அதைச் சொல்ல அப்பாவில் தொடங்க வேண்டும், மஞ்சள் காட்டில் தொடங்க வேண்டும். டயான் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு கேட்கிறார். பின்னால் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து ரெபெக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல்

(முடிக்க முடியவில்லை.)

சுந்தர்சிங் கப்பலுக்கு வரவில்லை.

இந்தக் கடைசி முடிவுதான் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஏன் என்று யோசித்தேன். 'வரவில்லை' என்ற வினைக்கு மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. அவன் வரவில்லை, அவர் வரவில்லை, இரண்டுக்கும் ஒரே சொல். ஒருவர் வராமல் இருந்துவிட்டால் நாம் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. காலங்காலமாக நமக்குப் பிடித்த முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் அடித்துவிட்டேன்.

7

ஆகவே சுந்தர்சிங் வருகிறார்.

சனிக்கிழமை மதியம். ரெபெக்கா கப்பலுக்கு முன்பே ஓடி ஏறிவிட்டாள். சேனாபதி கோட்டுப் போடாமல் கரையில், பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கையில் அந்தத் தண்ணீர் பாட்டில். சுந்தர்சிங் அவரைப் பார்க்காத மாதிரி கடந்து, பலகைமேல் கால் வைத்து ஏறத் தொடங்குகிறார். மேலே மகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்க முடியாது. சேனாபதியிடம் மிச்சம் இருப்பது கூப்பிடுவது ஒன்றுதான். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? 'சிங்' போதாது. 'சார்' என்றால் ஆபீஸ். ஊரில் அவருடைய அப்பா தனக்குச் சமமான ஆட்களை மட்டும் கூப்பிட்ட ஒரு சொல் உண்டு. வாசலுக்கு வெளியே நின்ற யாரையும் அந்தச் சொல்லால் அவர் கூப்பிட்டதில்லை. சேனாபதி பலகையின் ஓரத்தில் கால் வைக்கிறார். அந்தச் சொல் வருகிறது.

"ஏனுங்க..."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கடைசி வாக்கியம் கீழே இருக்கிறது. அதில் கடைசிச் சொல்லுக்கு விகுதி போடவில்லை. என் கையை நான் நம்பவில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எது சரி என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் வாய்க்கு எது முதலில் வந்தது என்று மட்டும் பாருங்கள். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பாதிப் பலகையில் ஏறியிருந்த சுந்தர்சிங் நின்று, மெதுவாகத் திரும்பிப் பார்த்த